எழுத்துத் தடையும் நாள்முறை எழுத்தும்: அந்தோனி டிராலப்பின் பணிக்குறிப்பேடுகளை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

எழுத விரும்பியும் எழுதும் ஆற்றல் பெற்றிருந்தும் எழுத்து நகராது நின்றுவிடும் நிலை எழுத்துத் தடை எனப்படும். அதனை வெல்லும் வழியாக நாள்தோறும் எழுதும் பழக்கம் பெரிதும் பரிந்துரைக்கப்படுகிறது. இப்பரிந்துரைக்கு ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அஞ்சல் துறை அலுவலரும் நாவலாசிரியருமான அந்தோனி டிராலப் கடைப்பிடித்த பணிக்குறிப்பேட்டு முறை அவ்வரலாற்றின் மையத்தில் நிற்கிறது. அவருக்கு முற்பட்ட கோல்ரிட்ஜின் தேக்கத்தையும், பிற்பட்ட உளவியல் ஆய்வுகளையும் அம்முறையோடு இணைத்துக் காணும் இக்கட்டுரை, நாள்முறைப் பழக்கம் தனிமனித மன உறுதியால் மட்டும் அமைவதன்று என்பதையும், கணக்கு, பிறர் உழைப்பு, தவறிய நாட்களுக்கான இடம் ஆகிய மூன்றும் அதனைத் தாங்குகின்றன என்பதையும் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: எழுத்துத் தடை, நாள்முறை எழுத்து, பணிக்குறிப்பேடு, டிராலப், கோல்ரிட்ஜ், எழுத்துப் பழக்கம்.

முன்னுரை

படைப்பு ஊக்கம் எப்போது வரும் என்று சொல்ல இயலாது. அது வரும்போது எழுதுவதே முறை என்னும் கருத்து ஐரோப்பிய இலக்கியத்தில் புனைவியல் காலத்தில் வலுப்பெற்றது. ஊக்கத்தின் வரவுக்குக் காத்திருப்பவர் அது வராத நாட்களில் என் செய்வது என்னும் வினாவும் அக்கருத்தோடு கூடவே பிறந்தது. எழுத்துத் தடை என்பதற்கான ஆங்கிலத் தொடரை வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய உளப்பகுப்பாய்வாளர் எட்மண்ட் பெர்க்லர் ஆவார். அது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்தது. பெயர் பிந்தியது, நோய் முந்தியது. பெயரிடப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே அதனை அனுபவித்தவர்களும், அதற்கு மருந்து கண்டவர்களும் இருந்தனர்.

மருந்து கண்டவராக அடிக்கடி சுட்டப்படுபவர் அந்தோனி டிராலப் (1815–1882). 47 நாவல்களை எழுதிய இவர், கடிகாரத்தை முன்வைத்துச் சொற்களை எண்ணி எழுதிய இயந்திர மனிதராகவே பெரும்பாலும் நினைவுகூரப்படுகிறார். அவருடைய பழக்கம் எதிலிருந்து தோன்றியது, எவற்றின்மேல் நின்றது என்பவற்றை நோக்கும்போது அச்சித்திரம் மாறுகிறது.

கோல்ரிட்ஜின் தேக்கம்

சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் (1772–1834) தம் புகழ்பெற்ற கவிதைகளுட் பலவற்றை 1797, 1798 ஆகிய ஆண்டுகளை ஒட்டிய குறுகிய காலத்தில் இயற்றினார். அதன்பின் கவிதை அவரிடம் தயங்கித் தயங்கியே வந்தது. 'கிறிஸ்டபெல்' என்னும் நெடுங்கவிதையின் இரண்டாம் பகுதி 1800இல் எழுதப்பட்டது. பின்னர் அது வளரவில்லை. 1816இல் அச்சேறியபோதும் முற்றுப்பெறாத வடிவிலேயே வெளிவந்தது. தம் படைப்பாற்றல் தம்மை விட்டு நீங்குகிறதே என்னும் துயரையே பொருளாகக் கொண்டு 1802இல் அவர் இயற்றிய கவிதை, எழுத இயலாமையைப் பற்றிய எழுத்தாக நிலைபெற்றது. அபினிப் பழக்கமும் குடும்ப முறிவும் இத்தேக்கத்தை மிகுவித்தன.

எனினும் கோல்ரிட்ஜ் எழுதாமல் இருந்தவர் அல்லர். 1794 முதல் இறக்கும் வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் குறிப்பேடுகளை நிரப்பிக்கொண்டே இருந்தார். கேத்லீன் கோபர்ன் தொடங்கிய அவற்றின் பதிப்பு 1957 முதல் ஐந்து இரட்டைத் தொகுதிகளாக விரிந்தது. எண்ணம் ஊறாமை அவருடைய குறையன்று. ஊறிய எண்ணத்தை முடிந்த நூலாக்கிப் பிறர் கையில் சேர்க்கும் இடத்திலேயே அவர் நின்றுபோனார். எழுத்துத் தடையைக் கருத்து வறட்சி எனக் கொள்வோர் கோல்ரிட்ஜின் குறிப்பேடுகளைக் கருதிப் பார்த்தல் வேண்டும்.

இத்தேக்கத்தின் நடுவே ஒரு விலக்கு உண்டு. 1809 ஜூன் 1 அன்று அவர் 'தி பிரெண்ட்' என்னும் இதழைத் தொடங்கினார். வார இதழாகத் திட்டமிடப்பட்ட அது, தொடக்கத்தில் சில இடைவெளிகளுடன் வந்து, பின்னர் பெரிதும் ஒழுங்குபட்டது. 1810 மார்ச் 15 வரை 27 எண்ணிட்ட இதழ்களும் ஒரு கூடுதல் இதழும் வெளியாயின. கிராஸ்மியரில் வேர்ட்ஸ்வொர்த் குடும்பத்தார் வாழ்ந்த இல்லத்தில் இருந்தபடி கோல்ரிட்ஜ் சொல்லச் சொல்ல, சாரா ஹட்சின்சன் அவற்றை எழுதினார்; பென்ரித் நகரில் அவை அச்சாயின. பல ஆண்டுகளாக ஒரு நூலையும் முடிக்க இயலாதிருந்தவர் பத்து மாதங்களுக்குள் ஒரு நூலளவு உரைநடையை வெளியிட்டார்.

இதனைச் செய்வித்தவை இரண்டு. ஒன்று, காத்திருக்கும் சந்தாதாரரும் அச்சகமும் விதித்த வாரத் தவணை. மற்றொன்று, எதிரில் எழுதுகோலுடன் அமர்ந்திருந்த ஒருவர். 1810 மார்ச்சில் சாரா ஹட்சின்சன் கிராஸ்மியரை விட்டுச் சென்றார். அம்மாதமே இதழும் நின்றது. பணநெருக்கடி முதலிய பிற காரணங்களும் இருந்தனவாயினும் இவ்விரு நிகழ்வுகளும் அடுத்தடுத்து நேர்ந்தமை கருதத்தக்கது. 1815இல் கோல்ரிட்ஜ் தம் 'பயோகிராஃபியா லிட்டரேரியா'வை உருவாக்கியபோதும் நண்பர் ஜான் மார்கன் உடனிருந்து எழுதினார் என்பது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. பழக்கத்தைத் தம்முள் உண்டாக்கிக்கொள்ள இயலாத ஒருவருக்குப் பிறருடைய ஒழுங்கு தற்காலிகமாகப் பழக்கத்தின் வேலையைச் செய்தது.

தாயின் அதிகாலை

டிராலப்பின் பழக்கத்தை அவருடைய அலுவலக வாழ்வோடு மட்டும் தொடர்புபடுத்துவது வழக்கம். அதற்கு முன்பே அவர் கண்ட எடுத்துக்காட்டு ஒன்று வீட்டிலிருந்தது. அவருடைய தாய் பிரான்சஸ் டிராலப் (1779–1863) ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நூலாசிரியரானார். அமெரிக்கரின் வாழ்க்கை முறை பற்றிய அவருடைய முதல் நூல் 1832இல் வெளிவந்தது. வழக்கறிஞரான கணவர் தொழிலிலும் வேளாண்மையிலும் தோற்றுக் கடனாளியாகவே, 1834இல் குடும்பம் பெல்ஜியத்தின் புரூஜஸ் நகருக்குத் தப்பிச் செல்ல நேர்ந்தது. அங்கே காசநோயால் மகன் ஹென்றி 1834 இறுதியில் மறைந்தார். அடுத்த ஆண்டில் கணவரும் மறைந்தார்.

நோயாளிகளைப் பகலிலும் இரவிலும் பேணிய அவ்வீட்டில் பிரான்சஸ் நாவல் எழுதினார். குடும்பத்தின் வருவாய் அவர் எழுத்திலிருந்தே வந்தது. வீட்டார் எழுமுன் அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து அன்றைய எழுத்தை முடித்துவிடுவது அவர் வழக்கம். மருந்துக் குப்பிகளும் மைக்கூடும் ஒரே அறையில் இருந்த அந்நாட்களைப் பிற்காலத்தில் மகன் தம் வரலாற்றில் வியப்போடு பதிவு செய்கிறார். பிரான்சஸ் ஏறத்தாழ 40 நூல்களை எழுதினார்.

இவ்வெடுத்துக்காட்டில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. எழுதுவதற்கு ஏற்ற மனநிலை என்ற ஒன்றை எதிர்பார்க்கும் வாய்ப்பே அவருக்கு இருந்ததில்லை. மனநிலை எவ்வாறிருப்பினும் எழுதுவதற்கு ஒரு நேரம் மட்டும் இருந்தது. பின்னாளில் மகன் முறைப்படுத்திய கொள்கையின் விதை இதுவேயாகும்.

ஏழாண்டுத் தேக்கமும் அயர்லாந்துத் தொடக்கமும்

விதை உடனே முளைக்கவில்லை. 1834இல் 19 வயதில் லண்டன் தலைமை அஞ்சலகத்தில் ஆண்டுக்கு 90 பவுண்டு ஊதியத்தில் டிராலப் எழுத்தராகச் சேர்ந்தார். அடுத்த ஏழாண்டுகள் அவர் வாழ்வில் மிக இருண்டவை. காலம் தவறி வருபவர் என்ற கெட்ட பெயர், கடன், தனிமை ஆகியவை அவரைச் சூழ்ந்திருந்தன. நாவல் எழுத வேண்டும் என்னும் எண்ணம் இருந்தது. ஆயினும் ஒரு நாவலையும் அவர் தொடங்கவில்லை. சிறுவயது முதலே மனத்துக்குள் நீண்ட கற்பனைக் கதைகளை மாதக்கணக்கில் வளர்த்துவரும் இயல்பு அவரிடம் இருந்தது. கதை இருந்தது, அதனைத் தாளில் இறக்கும் நாள் மட்டும் வரவில்லை.

அக்காலத்தில் அவர் விடாது எழுதியது ஒன்றே. 15 வயதில் தொடங்கிப் பத்தாண்டுகள் நாட்குறிப்பு எழுதிவந்தார். 1870இல் அவற்றை எடுத்துப் படித்து, தம் இளமைச் சோம்பலையும் அறியாமையையும் கண்டு நாணி அழித்துவிட்டார். எனினும் விரைந்தும் தடையின்றியும் எழுதும் பயிற்சியை அந்நாட்குறிப்புகளே தமக்கு அளித்தன என்று அவர் ஒப்புக்கொள்கிறார். தரமற்றவை என எண்ணி எரித்த ஏடுகளுக்குத் தம் கை கடன்பட்டிருப்பதை அவர் மறைக்கவில்லை.

1841இல் அயர்லாந்தின் பனகர் ஊருக்கு அஞ்சல் ஆய்வாளரின் எழுத்தராக மாற்றலாகிச் சென்றது அவர் வாழ்வைத் திருப்பியது. அங்கே பணியில் திறமையாளர் எனப் பெயர் பெற்றார். 1843இல் டிரம்ஸ்னா என்னும் சிற்றூரில் பாழடைந்த வீடொன்றைக் கண்டதிலிருந்து முதல் நாவலைத் தொடங்கினார். 1844இல் திருமணம் நிகழ்ந்தபோது அதன் முதல் தொகுதி மட்டுமே முடிந்திருந்தது. 1847இல் அது வெளிவந்தது; எவரும் பொருட்படுத்தவில்லை. 1848இலும் 1850இலும் வெளிவந்த அடுத்த இரு நாவல்களும் தோற்றன.

1851 முதல் இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் கிராமப்புற அஞ்சல் வழிகளை வகுக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. நாள்முழுதும் குதிரைமேல் பயணம் செய்த அக்காலத்தில் எழுத்து ஏறத்தாழ நின்றது. சாலிஸ்பரி பேராலயச் சூழலில் கருக்கொண்ட 'தி வார்டன்' என்னும் சிறிய நாவல் 1852இல் தொடங்கப்பட்டு, இடையில் கிடப்பில் கிடந்து, 1855இல்தான் அச்சேறியது. அந்நூலுக்காக 1855 இறுதியில் அவர் பெற்ற தொகை 9 பவுண்டு, 8 ஷில்லிங், 8 பென்சு. எழுதத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. டிராலப் நாற்பது வயது நிறைந்த, நான்கு நூல்கள் வெளியிட்ட, பெரிதும் அறியப்படாத ஆசிரியர். அவர் பழக்கத்தின் வரலாறு வெற்றியிலிருந்து தொடங்கவில்லை என்பது இங்கே பெறப்படுகிறது.

பணிக்குறிப்பேட்டின் அமைப்பு

'பார்செஸ்டர் டவர்ஸ்' (1857) எழுதப்பட்ட காலத்தில் இரு மாற்றங்கள் நிகழ்ந்தன. முதலாவது, எழுதும் இடம் பற்றியது. அலுவல் காரணமாக இரயிலில் பல மணிநேரம் செலவிட வேண்டியிருந்ததால், மடியில் வைத்து எழுதும் சிறு பலகை ஒன்றை அமைத்துக்கொண்டு, பென்சிலால் வண்டியிலேயே எழுதப் பழகினார். சில நாட்பயிற்சியில் மேசையில் எழுதும் வேகம் வண்டியிலும் கைவந்தது. தனியறையும் அமைதியும் எழுத்துக்கு இன்றியமையாதவை என்னும் நிபந்தனை இவ்வாறு நீங்கியது.

இரண்டாவது, கணக்கு பற்றியது. நூல் ஒன்றைத் தொடங்கும்போது அதற்கென ஓர் ஏட்டை வாரங்களாகப் பகுத்து, முடிக்க வேண்டிய காலத்தை வரையறுத்து, நாள்தோறும் எழுதிய பக்கங்களின் எண்ணிக்கையை அதில் பதிந்தார். பக்கம் என்னும் சொல் நெகிழக்கூடியதாகையால் ஒரு பக்கத்துக்கு 250 சொற்கள் என நிறுவிக்கொண்டு, சொற்களை எண்ணிக்கொண்டே எழுதினார். வாரத்துக்குச் சராசரியாக 40 பக்கங்கள். குறைந்த அளவு 20. மிகுந்த அளவு 112. இவ்வேடுகள் இன்று ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.

1859இல் வால்தம் கிராசில் குடியேறிய பின்னர் அதிகாலை எழுத்து நிலைபெற்றது. காலை 5.30 மணிக்கு மேசையில் அமர்ந்து, காலையுணவுக்கு முன் அன்றைய எழுத்தை முடித்தார். மூன்று மணிநேரத்தில் முதல் அரைமணிநேரம் முந்தைய நாள் எழுதியதைப் படித்துச் சொற்களின் ஓசையைச் செவியால் நிறுப்பதற்கு உரியது. எஞ்சிய நேரத்தில் கால்மணிக்கு 250 சொற்கள் என்பது இலக்கு. நாளொன்றுக்கு ஏறத்தாழ பத்துப் பக்கங்கள் இவ்வாறு உருவாகும். அதன்பின் அஞ்சல் துறைப் பணிக்குச் செல்வார். 1858இல் இந்தியா முதலிய நாடுகளுக்குச் செல்லும் அஞ்சலை எகிப்தின் வழியாக இரயிலில் கொண்டுசெல்வதற்கான உடன்பாடு குறித்து அந்நாட்டுக்கு அனுப்பப்பட்டபோது, கப்பலில் குமட்டலால் இடையிடையே எழுந்து சென்றும் 'டாக்டர் தோர்ன்' நாவலை எழுதினார். எகிப்தில் அதனை முடித்த மறுநாளே அடுத்த நாவலைத் தொடங்கினார்.

இவ்வமைப்பில் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது, அளவு. 'நன்றாக எழுத வேண்டும்' என்னும் எல்லையற்ற கடமை, '250 சொற்கள் எழுத வேண்டும்' என்னும் நிறைவேற்றக்கூடிய கடமையாகச் சுருங்கியது. இரண்டாவது, காலை நேரத்தின் முதல் வேலை. வெற்றுத்தாளை எதிர்கொள்வதற்கு மாறாக நேற்றைய பக்கத்தைப் படித்தே எழுத்து தொடங்கியது. மூன்றாவது, பதிவு. எழுதாத நாள் ஏட்டில் வெற்றிடமாக நின்று எழுதியவரையே நோக்கியது. ஊக்கம் வரட்டும் என்று நாவலாசிரியர் காத்திருப்பதைச் செருப்புத் தைப்பவர் காத்திருப்பதோடு ஒப்பிட்டு அவர் நகையாடுவதன் பின்னணி இதுவே.

சராசரி உணர்த்தும் உண்மை

டிராலப் தந்துள்ள எண்களை ஒன்றோடொன்று வைத்து நோக்கினால், இயந்திர மனிதர் என்னும் கருத்து நிற்பதில்லை. நாளுக்குப் பத்துப் பக்கங்கள் என்னும் காலைக் கணக்கின்படி ஏழு நாட்களுக்கு 70 பக்கங்கள் ஆதல் வேண்டும். வாரச் சராசரியோ 40 பக்கங்களே. நான்கு முழு நாட்களின் எழுத்தே ஒரு சராசரி வாரத்தின் விளைவு. மிகக் குறைந்த வாரத்தில் அது இரண்டு நாட்களின் எழுத்து. இவ்விரு கணக்குகளும் முற்றிலும் ஒரே காலத்தைச் சேர்ந்தவை அல்லவாயினும், தவறிய நாட்களையும் குறைந்த நாட்களையும் உள்ளடக்கியே அப்பழக்கம் இயங்கியது என்பது தெளிவு. பணிக்குறிப்பேடுகளிலும் வெற்று நாட்கள் உள்ளன. சிலவற்றின் எதிரே உடல்நலக் குறைவு முதலிய காரணங்கள் குறிக்கப்பட்டுள்ளன.

பழக்கத்தை ஒருநாள் தவறவிட்டவர் அதனை முற்றிலும் கைவிடுவது இயல்பு. டிராலப்பின் ஏடு அவ்விளைவைத் தடுத்தது. தவறிய நாளுக்கும் அதில் ஒரு வரி இருந்தது; அடுத்த வரி மறுநாளுக்காகக் காத்திருந்தது. வாரம் என்னும் அலகு நாளின் தோல்வியை ஏற்றுக்கொண்டு ஈடுசெய்தது. ஆகவே அவ்வேட்டின் சிறப்பு, நிறைந்த நாட்களை எண்ணியதோடு வெற்று நாட்களுக்கும் இடமளித்ததில் இருக்கிறது.

பழக்கத்தின் பின்னிருந்த கைகள்

எழுத்துப் பழக்கம் தனியொருவரின் மன உறுதிக்குச் சான்றாகவே பேசப்படுகிறது. டிராலப்பின் சான்று அதனை முழுமையாக ஏற்பதில்லை. அதிகாலையில் அவரை எழுப்பிக் காப்பி தந்தவர் வயது முதிர்ந்த குதிரைக்காரர் ஒருவர். இப்பணிக்காக அவருக்கு ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாக அளிக்கப்பட்டது. தம் தலைவரை எழுப்புவதற்கு அவர் அதற்கும் முன்னரே எழுந்தாக வேண்டும். வால்தம் கிராசில் கழிந்த ஆண்டுகளில் அவர் ஒருநாளும் காலம் தவறியதில்லை. தம் வெற்றிக்கு மற்றெவரையும்விட அவருக்கே மிகுதியாகக் கடன்பட்டிருக்கலாம் என்று டிராலப் எழுதியுள்ளார். இரயிலில் பென்சிலால் கிறுக்கியவற்றைப் படியெடுத்தவர் மனைவி ரோஸ். முதுமையில் கை ஒத்துழைக்காதபோது அவர் சொல்லச் சொல்ல எழுதியவர் மனைவியின் உறவுவழி வந்த பெண் புளோரன்ஸ் பிளாண்ட்.

சாரா ஹட்சின்சனையும் இவ்வரிசையில் வைத்துக் காணும்போது ஒரு பொதுமை புலப்படுகிறது. ஒழுங்கற்றவராக அறியப்பட்ட கோல்ரிட்ஜும் ஒழுங்கின் உருவமாகக் கருதப்பட்ட டிராலப்பும் பிறர் உழைப்பின்மேல் நின்றே எழுதினர். இவ்வுதவிகள் ஏதுமின்றி, வீட்டுச் சுமை முழுவதையும் தாங்கியபடி அதிகாலை நான்கு மணிக்கு எழுந்த பிரான்சஸ் டிராலப்பின் பழக்கம் இவர்கள் இருவருடையதைவிடவும் அருமையானது. பழக்கத்தைக் கைக்கொள்ள இயலாதவரைச் சோம்பர் எனப் பழிக்குமுன், அவருக்குக் காப்பி தருபவர் எவர் என்று வினவுதல் நேர்மையாகும்.

அளவும் தரமும்

நாள்முறை எழுத்துக்கு எதிராக எழுப்பப்படும் வலுவான மறுப்பு, அது அளவைப் பெருக்குமேயன்றித் தரத்தை உயர்த்தாது என்பதாகும். இம்மறுப்புக்குக் கோல்ரிட்ஜின் குடும்பத்திலேயே சான்று உண்டு. அவருடைய மைத்துனி கணவர் ராபர்ட் சௌத்தி (1774–1843) கெஸ்விக்கின் கிரேட்டா ஹாலில் வாழ்ந்து, மிகுந்த ஒழுங்குடன் கவிதை, வரலாறு, வாழ்க்கை வரலாறு, மதிப்புரை என நாளெல்லாம் எழுதினார். 1813இல் அரசவைக் கவிஞரானார். கோல்ரிட்ஜின் மனைவி மக்களும் அவர் வீட்டிலேயே ஆதரவு பெற்றனர். இன்று சௌத்தியின் நெடுங்காவியங்களைப் படிப்போர் அரியர். கோல்ரிட்ஜின் முற்றுப்பெறாத துண்டுகள் உலகெங்கும் பாடமாக உள்ளன. கடைசி ஆண்டுகளில் சௌத்தியின் அறிவும் மங்கியது. பழக்கம் நிலைபேற்றுக்கு உறுதி தராது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் அச்சான்றுக்கு மறுபக்கம் உண்டு. சௌத்தியின் அன்றாட எழுத்தே இரு குடும்பங்களின் அடுப்பை எரியவைத்தது. இலக்கிய மதிப்பீடு மறந்துவிடும் இப்பயனை வரலாறு மறத்தல் கூடாது.

டிராலப் தம் தன்வரலாற்றை 1875–76இல் எழுதி, தாம் இறந்தபின் வெளியிடுமாறு மகனிடம் விட்டுச்சென்றார். அது 1883இல் வெளிவந்தது. நூல்வாரியாக ஈட்டிய தொகையும், மொத்தம் ஏறத்தாழ 69,000 பவுண்டு என்னும் கூட்டுத்தொகையும், காலைக் கணக்கும் அதில் வெளிப்படையாக இடம்பெற்றன. கலையைத் தொழிலாகக் கருதிய இவ்வெளிப்படை படிப்போர் சிலருக்கு உவப்பாக இல்லை; பின்வந்த தலைமுறையில் அவர் மதிப்புக் குறைந்ததற்கு இதனையும் ஒரு காரணமாகக் கூறுவர். 1927இல் மைக்கேல் சாட்லியர் எழுதிய ஆய்வு நூலுக்குப் பின் அவர் மீண்டும் பரவலாக மதிக்கப்பட்டார். 1875இல் அவரோடு அட்லாண்டிக் கடலைக் கடந்த ஹென்றி ஜேம்ஸ், கப்பல் எவ்வளவு ஆடினும் காலைதோறும் அறைக்குள் அவர் எழுதியதைப் பதிவு செய்துள்ளார். தோல்வியுற்ற தொடக்க நாவல்களையும் பழக்கம் உறுதிப்பட்டபின் எழுந்த பார்செஸ்டர் வரிசையையும் ஒப்பிடுவோர், அவர் அளவில் பெருகியபோதே தரத்திலும் உயர்ந்தார் என்பதை மறுத்தல் அரிது.

பேரேட்டிலிருந்து உளவியலுக்கு

டிராலப்பின் கணக்கேடு அவரோடு முடியவில்லை. அமெரிக்க நாவலாசிரியர் எர்னஸ்ட் ஹெமிங்வே நாள்தோறும் எழுதிய சொற்களின் எண்ணிக்கையை அட்டையொன்றில் குறித்துவந்தார். மற்றோர் அமெரிக்க நாவலாசிரியரான இர்விங் வாலஸும் தம் எழுத்தின் அளவை அட்டவணையாகப் பேணினார். 1977இல் அவர் உளவியலாளர் ஜோசப் பியருடன் இணைந்து, புகழ்பெற்ற நாவலாசிரியர்களின் தன்னாளுகை முறைகள் குறித்து நடத்தையியல் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார். டிராலப்பின் முறை அதில் முக்கிய இடம் பெற்றது. அஞ்சல் துறை அலுவலரின் பேரேடு இவ்வாறு உளவியலின் ஆய்வுப்பொருளாயிற்று.

1983இல் ராபர்ட் பாய்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் இதனைச் சோதனைக்கு உட்படுத்தினார். எழுத்துத் தடை உள்ளதாகக் கூறிய 27 கல்லூரி ஆசிரியர்கள் மூன்று குழுக்களாகப் பகுக்கப்பட்டனர். ஒரு குழுவினர் அவசர எழுத்துத் தவிர வேறெதுவும் எழுதாதிருந்தனர். மற்றொரு குழுவினர் மனம் தூண்டியபோது மட்டும் எழுதினர். மூன்றாம் குழுவினர் கட்டாயத்தின்பேரில் நாள்தோறும் எழுதினர். எழுதத் தவறினால் தாம் வெறுக்கும் அமைப்பொன்றுக்குத் தம் பணம் நன்கொடையாகச் செல்லும் என்பது அக்கட்டாயம். கட்டாயக் குழுவினர் நாளுக்குச் சராசரியாக 3.2 பக்கங்களும், மனம் தூண்டியபோது எழுதியோர் 0.9 பக்கமும் எழுதினர். புதிய கருத்துகளைப் பொறுத்தவரை முதலாமவருக்கு நாளுக்கு ஒன்றும், இரண்டாமவருக்கு இரண்டு நாளுக்கு ஒன்றும், எழுதாதிருந்தோருக்கு ஐந்து நாளுக்கு ஒன்றும் தோன்றின.

ஆய்வுக்கு உட்பட்டோர் தொகை சிறியது, அனைவரும் கல்வியாளர்கள். அதனால் இம்முடிவுகளைக் கவிஞர் முதல் அனைவர்க்கும் பொதுவிதியாக்குதல் பொருந்தாது. ஆயினும் கருத்துத் தோன்றினால் எழுத்து வரும் என்னும் நம்பிக்கையின் திசையை அவை மாற்றின. எழுத அமர்ந்தவருக்கே கருத்து மிகுதியாகத் தோன்றியது. ஆய்வேட்டின் ஓர் இயலைத் தொடங்க இயலாது மாதக்கணக்கில் மேலும் மேலும் படித்துக்கொண்டே இருக்கும் ஆய்வாளருக்கு இம்முடிவு நேரடியாகப் பொருந்தும்.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளிலிருந்து பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

எழுத்துத் தடை கருத்து வறட்சியிலிருந்துதான் எழும் என்பதற்கில்லை. நிறைந்த குறிப்பேடுகளுக்கு நடுவிலும் அது நிகழும் என்பதைக் கோல்ரிட்ஜின் வாழ்வு காட்டுகிறது.

நாள்முறைப் பழக்கம் இத்தடையை நீக்குவது, எழுதுவதா வேண்டாமா என்னும் முடிவை ஒவ்வொரு நாளும் எடுக்க வேண்டிய தேவையை அகற்றுவதன் மூலமேயாகும். சிறிய அளவு, குறித்த நேரம், முந்தைய நாள் எழுத்தைப் படித்துத் தொடங்குதல், கண்ணெதிரே நிற்கும் பதிவு ஆகியவை அதற்குத் துணைபுரிந்தன.

நிலைத்த பழக்கம் தவறிய நாட்களுக்கும் இடம் கொண்டது. டிராலப்பின் சராசரி வாரத்தில் நான்கு முழு நாட்களின் எழுத்தே இருந்தது.

பழக்கம் தனிமனித அறமாக மட்டும் மதிப்பிடத்தக்கதன்று. எழுப்பியவர், படியெடுத்தவர், சொல்லக் கேட்டு எழுதியவர் ஆகியோரின் உழைப்பும் அதில் அடங்கும்.

பழக்கம் நூலை முடிக்கத் துணைசெய்யும். நூல் நிலைபெறுமா என்பது அதன் ஆளுகைக்கு அப்பாற்பட்டது.

நாவல் முழுவதையும் எழுதி முடிக்குமுன் அதன் முதற்பகுதியை அச்சுக்குத் தரலாகாது என்பது டிராலப்பின் கொள்கை. 1860இல் தொடராக வெளிவந்த 'ஃபிராம்லி பார்சனேஜ்' அதற்கு ஒரு விலக்கு. 1882இல் 'தி லேண்ட்லீகர்ஸ்' நாவலுக்காக அவர் அக்கொள்கையை மீண்டும் தளர்த்தினார். அதன் தொடர் வெளிவந்துகொண்டிருந்தபோது, டிசம்பர் 6 அன்று அவர் மறைந்தார், அந்நாவல் முற்றுப்பெறவில்லை. ஏனைய 46 நாவல்களும் முற்றுப்பெற்றவை.